யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்?

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து ஏறினால், நெடுமங்காடு வழியாக வித்துரா நாற்பது கிலோமீட்டர் அளவுதான். நெடுமங்காடு தாண்டியதும் சாலை வளையத் தொடங்குகிறது. இருபக்கமும் ரப்பர் மரங்கள். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. கல்லாற்றில் கால் நனைத்து, 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, பொன்முடி மூடுபனியில் படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் தில்லியிலும் பாங்காக்கிலும் வாஷிங்டனிலும் எடுக்கப்படும் முடிவுகள் ஒரு மலையோரக் குடும்பத்தை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், இறங்க வேண்டிய நிறுத்தம் வித்துராதான்.

ஊரின் கடைத்தெருவில் மலைச்சரக்கு வாங்கும் கடைகள் உண்டு. மிளகு, பாக்கு, ரப்பர் ஷீட், மரப்பட்டையிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் எல்லாம் அங்கே எடைக்குப் போகும். புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் காடி வாடை தெருமுனைக்கே வந்துவிடும். அன்றைய விலை என்ன என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி எப்போதும் அரசியல். இறக்குமதி வரியை ஏற்றியிருந்தால் இந்த விலை வந்திருக்குமா என்பார் ஒருவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யாருடைய ஆட்சி என்று திருப்பிக் கேட்பார் அடுத்தவர். மாநில அரசு தருவதாகச் சொன்ன ஆதரவு விலை எப்போது கைக்கு வரும் என்று மூன்றாமவர் தொடங்குவார். மூன்று பேருமே உண்மையைத்தான் பேசுகிறார்கள்.

இந்தியாவில் இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரி 25 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சர்வதேச விலை கிலோ 200 ரூபாய் என்றால் 25 விழுக்காட்டுக் கணக்கில் 50 ரூபாய் வர வேண்டும். வசூலாவது 30 ரூபாய்தான். அதாவது 15 விழுக்காடு. விதியின் கடைசி மூன்று சொற்களில் விவசாயியின் பாதுகாப்பு ஐந்தில் மூன்று பங்காகிவிடுகிறது. அதோடு ரசாயனம் கலந்த கூட்டு ரப்பருக்கு வெகுகாலம் 10 விழுக்காடு வரிதான் இருந்தது. அந்தப் பெயரில் ரப்பர் உள்ளே வருகிறது என்று விவசாயிகள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2023 மத்திய பட்ஜெட்டில்தான் அது இயற்கை ரப்பருக்கு நிகராக உயர்த்தப்பட்டது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. 2023-24இல் நாட்டின் ரப்பர் உற்பத்தி எட்டரை லட்சம் டன்னைச் சற்றே தாண்டியது. தேவை 14 லட்சம் டன்னுக்கு மேல். பற்றாக்குறையை வெளியிலிருந்து வாங்காமல் டயர் ஆலைகள் ஓடா. வரியை ஏற்றினால் டயர் விலை ஏறும், லாரி வாடகை ஏறும், கடைசியில் அது அரிசி மூட்டையில் வந்து நிற்கும் என்பது ஆலைத் தரப்பின் வாதம். அதை லேசில் தள்ளிவிட முடியாது. ஆனால் விலை விழுந்த நாட்களில் டயர் விலை விழுந்ததா என்று ரப்பர் விவசாயி கேட்கிறார். இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து பெரிய டயர் நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் கூட்டுச் சேர்ந்து விலையைத் தீர்மானித்ததாகக் கூறி மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியே வந்தது. அதே ஆண்டின் இறுதியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறு ஆய்வுக்கு அதைத் திருப்பி அனுப்பியது. வழக்கு முடியவில்லை. மலையோரக் கடைத்தெருக்களில் தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது.

கிலோ 240 ரூபாய்க்குப் போன 2011ஐ மறக்காதவர்கள் இங்கே நிறைய. அந்த விலையை நம்பி வீடு கட்டியவர்கள், மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பியவர்கள் உண்டு. 2016 தொடக்கத்தில் விலை நூறு ரூபாய்க்குக் கீழே போனது. பால் வெட்டும் கூலிகூடக் கட்டுப்படியாகாமல் மரங்களை வெட்டாமலே விட்டார்கள். 2024 ஆகஸ்டில் பழைய உச்சத்தைத் தாண்டி மீண்டும் ஏறி, பிறகு இறங்கியது. மரம் நட்டுப் பால் கிடைக்க ஏழு ஆண்டு ஆகும் பயிருக்கு இப்படி ஒரு சந்தை.

இந்த ஏற்ற இறக்கங்களுக்கு முன்பே, 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் இந்தியாவும் ஆசியான் நாடுகளும் தடையற்ற சரக்கு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தில்லியில் மன்மோகன் சிங் ஆட்சி, கேரளத்தில் வி.எஸ். அச்சுதானந்தன் ஆட்சி. அவ்வாண்டு காந்தி ஜெயந்தியன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மார்க்சிஸ்ட் கட்சியினர் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றது மத்திய அரசு. அது உண்மைதான். ஆனால் தேயிலை, காப்பி, மிளகு, பாமாயில் ஆகியவை விலக்குப் பட்டியலில் இல்லை. சிறப்புப் பொருள்கள் என்ற பெயரில் பத்தாண்டுகளில் தேயிலைக்கும் காப்பிக்கும் 45 விழுக்காடு, மிளகுக்கு 50 விழுக்காடு என வரியைப் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. ரப்பரும் மிளகும் ஒரே தோட்டத்தில் வளரும் ஊரில், ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொன்னால் யார் ஆறுதல் அடைவார்கள்?

அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் ஒரு வினோதப் பொருத்தம் உண்டு. வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வது மத்தியப் பட்டியலின் 14ஆம் இனம். விவசாயம் மாநிலப் பட்டியலின் 14ஆம் இனம். கையெழுத்துப் போடுகிறவர் வேறு, விளைவைச் சுமக்கிறவர் வேறு என்பது சாசனத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் எல்லாக் கட்சிகளும் இதைச் சொல்லியிருக்கின்றன. தில்லியில் ஆட்சியில் இருக்கும்போது மட்டும் மறந்திருக்கின்றன.

நம்பிக்கை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை 2023 மார்ச்சில் நாடே பார்த்தது. ரப்பர் கிலோவுக்கு 300 ரூபாய் கிடைக்கச் செய்தால், கேரளத்திலிருந்து பாஜகவுக்கு ஒரு எம்.பி.கூட இல்லை என்ற குறையைத் தீர்த்துவைப்போம் என்ற பொருளில் தலச்சேரிப் பேராயர் ஜோசப் பாம்பிளானி பேசினார். அதைச் சமரசம் என்று திட்டியவர்கள் அதிகம். பேச்சின் அரசியலை ஏற்காதவர்களும் அதன் பின்னால் இருக்கும் சலிப்பைக் கவனித்திருக்க வேண்டும். எல்லாக் கொடியையும் பார்த்துவிட்ட ஒருவர், இனி விலையைச் சொல்பவருக்கு வாக்கு என்று வந்து நிற்கிறார். மாநில அரசு 2015இல் கே.எம். மாணியின் பட்ஜெட்டில் 150 ரூபாயாகத் தொடங்கிய ஆதரவு விலை 170, 180 என்று நகர்ந்து 2025 நவம்பரில் 200 ஆனது. சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறு விவசாயியின் கணக்கில் போடும் நல்ல திட்டம். பத்தாண்டுகளில் ஐம்பது ரூபாய் கூடியதற்கு நான்கு தேர்தல் மேடைகள் தேவைப்பட்டன.

வித்துராவிலிருந்து பேப்பாறை அணைக்குப் பிரியும் பக்கமாகப் போனால் போனக்காடு. அகத்தியர்கூடத்துக்கு மலையேறுகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை ஓடாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. இணையத்தில் தேடினால் இங்குள்ள பழைய பங்களாவில் பேய் உலவும் கதைகள்தான் கிடைக்கும். பேய்க்கதை கேட்க வருகிறவர்கள் பங்களாவோடு திரும்பிவிடுகிறார்கள். கூரை ஒழுகும் லயங்களில் இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். நிலுவைக் கூலியும் பணிக்கொடையும் கேட்டு இவர்கள் எழுதிய மனுக்களுக்கு வயது பத்துக்கு மேல்.

மலையின் மறுபுறம் மாஞ்சோலை. 2024இல் அங்கே தோட்டக் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கணக்கை முடித்தது. தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. மறுவாழ்வு கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள். ஒரே மலைத்தொடரின் இரு சரிவுகளில், இரு மாநிலங்களில், தேயிலைக்காரர்களுக்கு ஒரே கதை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது தேயிலை, மிளகு ஏற்றுமதியாளர்கள் பதறினார்கள். அமெரிக்கக் கடைகளில் விலை ஏறியதும் நவம்பரில் அந்நாடே தேயிலைக்கும் காப்பிக்கும் மசாலாப் பொருள்களுக்கும் விலக்குக் கொடுத்தது. வரி ஏறியதோ இறங்கியதோ, போனக்காட்டு லயத்துக்கு இரண்டும் வந்து சேரவில்லை. அங்கே கொழுந்தே இறங்கவில்லை.

மலையோர நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பாலோடு, அப்புறம் மடத்தறை. அதோடு திருவனந்தபுரம் மாவட்டம் முடிந்து கொல்லம் தொடங்குகிறது. ரப்பருக்கு நடுவே திடீரென்று குட்டையாகத் தடித்த எண்ணெய்ப்பனை வரிசைகள் வருகின்றன. சிதறை, ஏரூர், குளத்துப்புழை மூன்று இடங்களிலும் ஆயில் பாம் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் தோட்டங்கள். சமையல் எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாட்டில் உள்நாட்டுப் பாமாயில் வளர்க்க வேண்டும் என்று போட்ட தோட்டம். 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயிலின் மொத்த வரியை 5.5இலிருந்து 27.5 விழுக்காட்டுக்கு மத்திய அரசு ஏற்றியது. எட்டு மாதம் கழித்து 16.5க்கு இறக்கியது. முதல் முறை விவசாயிக்காக, இரண்டாம் முறை நுகர்வோருக்காக. எண்ணெய்ப்பனையோ நட்டால் இருபத்தைந்து ஆண்டு நிற்கிற மரம்.

குளத்துப்புழையில் இறங்குகிறவர்கள் பொதுவாக ஆற்றங்கரை சாஸ்தா கோயிலுக்குப் போய் மீனுக்குப் பொரி போடுவார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களுக்குள் போனால் பேச்சு மாறுகிறது. மலையாளத்துக்கு நடுவே இலங்கை மலையகத்தின் வாசம் கொண்ட தமிழ் காதில் விழுகிறது. இந்த மக்களைப் பற்றி எழுதாமல் இந்தச் சாலையைக் கடந்துவிடக் கூடாது.

1948இல் இலங்கை நாடாளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேயிலையும் ரப்பரும் வளர்த்து அந்நாட்டுக்கு வருமானம் ஈட்டிக்கொடுத்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. அதற்கு முந்தைய 1947 தேர்தலில் அவர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால் காரணம் விளங்கும். 1964 அக்டோபர் 30 அன்று தில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். கணக்கில் 9,75,000 மனிதர்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானிடம் இரு அரசுகளும் ஆலோசனை கேட்கவில்லை. மக்களைச் சரக்குபோலப் பங்கு போடுகிறார்கள் என்பதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு. விண்ணப்பங்கள் வந்தபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிடக் குறைவாகவும், இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்கள் அதிகமாகவும் இருந்தார்கள். ஒப்பந்தத்தின் எண்ணிக்கைக்கும் மக்களின் விருப்பத்துக்கும் பொருத்தமே இல்லை.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை அங்குள்ளவர்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்படி வந்தவர்கள் சுமார் நாலரை லட்சம். நீலகிரியில் அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தேயிலை பயிரிட்டது, அதுவே டான்டீ. குமரி மாவட்டத்தில் அரசு ரப்பர் கழகம். கேரளத்தில் 1976இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரிஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் ரப்பர். ஏறக்குறைய எழுநூறு குடும்பங்கள். குளத்துப்புழைத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களில் இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்தியா செய்ததில் பாராட்ட வேண்டியது இருக்கிறது. வந்தவர்களுக்கு வேலையும் கூரையும் கொடுக்க ஒரு நிறுவனத்தையே உருவாக்கிய அரசுகள் உலகத்தில் அதிகம் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தோட்டத்தின் பங்குதாரர் மத்திய அரசு. ரப்பருக்கு இறக்குமதி வரி எவ்வளவு என்று முடிவு செய்வதும் மத்திய அரசு. ஒரு கையால் நட்ட மரத்தின் விலையை மறு கையால் நிர்ணயிக்கிறது. 1964 ஒப்பந்தத்தில் வந்தவரின் பேரன், ரப்பர் வரி விதியின் ‘எது குறைவோ அது’ என்ற சொற்களில் மாட்டிக்கொள்கிறார்.

இலங்கையோடு 1998 டிசம்பரில் இந்தியா இன்னொரு ஒப்பந்தம் போட்டது, இம்முறை சரக்குக்கு. அதன் வழியாகவும் சார்க் நாடுகளின் வரிச்சலுகை வழியாகவும் இலங்கை மிளகு மலிவாக வந்து இறங்க, கேரள, குடகு விவசாயிகள் கொதித்தார்கள். வியட்நாம் மிளகே கொழும்பு வழியாக வருகிறது என்றும் புகார். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்ய முடியாதபடி மத்திய அரசு விலை வரம்பு வைத்தது. மிளகு விஷயத்தில் விவசாயிகளின் குரலுக்கு வரம்பு கிடைத்தது. மனிதர்கள் வந்து இறங்கிய காலத்தில் அவர்களுக்கு அப்படி ஒரு குரல் இருக்கவில்லை.

நாடு கடத்தல் என்பது பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் 2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரஸில் இறங்கிய அமெரிக்க ராணுவ விமானத்தைப் பார்த்தார்கள். 104 இந்தியர்கள், கையிலும் காலிலும் விலங்கு. சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைத் திருப்பி அனுப்புவது ஒரு நாட்டின் உரிமை என்பதை இந்தியாவும் ஏற்கிறது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் மாநிலங்களவையில் அதைத்தான் சொன்னார். விலங்கு தேவையா என்ற கேள்விக்கு அது அந்நாட்டின் நடைமுறை என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. அதே ஆண்டில் வங்காள மொழி பேசும் தொழிலாளர்கள் பல வட மாநிலங்களில் வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்டார்கள். இந்தியக் குடிமக்கள் சிலரே எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, நீதிமன்றம் தலையிட்டுத் திரும்பி வந்தார்கள். கேரளத்தின் மலையோரச் சாலையில் கல் சுமப்பவர்களும் தோட்டத்தில் களை எடுப்பவர்களும் பலர் அதே மொழிக்காரர்கள். விருந்தாளித் தொழிலாளர் என்று கேரள அரசு அவர்களை அழைக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய மரியாதை, ஊருக்குப் போகும் ரயிலிலும் அவர்களோடு போக வேண்டும்.

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1964 ஒப்பந்தம் இந்தியாவுக்கு உரியவர்கள் என்று கணக்கிட்ட அதே மலையகத் தமிழர்கள். 1983 கலவரத்துக்குப் பின் உயிருக்குப் பயந்து வந்ததால் அகதிகள் ஆகிவிட்டார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. இலங்கையோ தன் பங்குக்கு 2003இலேயே ஒரு சட்டம் போட்டு, அங்கே மீந்திருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை கொடுத்து முடித்துவிட்டது. பறித்த நாடு திருப்பிக் கொடுத்த பிறகும், ஏற்பதாகக் கையெழுத்திட்ட நாடு இழுத்தடிப்பது அநீதி. இதை எந்தக் கட்சியின் பெயரைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

நம்பிக்கை குலைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே மாநிலத்தில் மூணாறு இருக்கிறது. 2015 செப்டம்பரில் தமிழ்ப் பெண் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சிக் கொடியையும் அருகில் விடவில்லை. தங்கள் பெயரில் பேரம் பேசிய சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் 20 விழுக்காடு போனஸ் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அரசும் கம்பெனியும் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து தங்களைப் பற்றி முடிவெடுப்பதை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். ஆசியான் ஒப்பந்தத்துக்கு எதிரான மனிதச் சங்கிலியைவிட அந்த ஒன்பது நாள் மறியல் அதிகம் சாதித்தது.

குளத்துப்புழையிலிருந்து அஞ்சல் வழியாகப் புனலூர். 1877ஆம் ஆண்டுத் தொங்குபாலத்தைப் பார்க்க எல்லோரும் நிற்கிறார்கள். ரிஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் தலைமை அலுவலகமும் இதே ஊரில்தான். இங்கிருந்து செங்கோட்டைக்கு ரயில் போகிறது. ஆரியங்காவு கணவாய் தாண்டினால் தமிழ்நாடு.

ஆசியான் ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்ய 2023இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பேச்சு நடத்திவருகின்றன. மிளகு, தேயிலை, பாமாயில் மூன்றும் அந்த மேசையில் இருக்கின்றன. கையெழுத்தாவதற்கு முன் அந்த வரைவு கேரள, தமிழ்நாட்டுச் சட்டமன்றங்களில் வைக்கப்பட வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் பிரதிநிதிகள் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தரப்பட வேண்டும். முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழர்களுக்கு 1964இல் கொடுத்த வாக்கை மத்திய அரசு காப்பாற்ற வேண்டும். இவை மூன்றையும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.